பாட்டிலில் ஒட்டியது

மலாமா வேனின் பின்கதவைத் திறந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. நான்கு பெட்டிகள், பெட்டிக்குப் பதினாறு பிளாஸ்டிக் பாட்டில்கள். எல்லாம் சித்துலிகா குடியிருப்பின் கிணறுகளிலும் அடிபம்புகளிலும் பிடித்த தண்ணீர். வெள்ளிக்கிழமை பிடித்தது. வழியில் வேனின் அச்சு முறிந்து இரண்டு நாள் சாலையோரத்தில் கிடந்ததால் திங்கட்கிழமைதான் தலைநகர் லுசாக்காவுக்கு வந்து சேர்ந்தது.

"ரெண்டு ராத்திரி இதுங்க பக்கத்துலதான் படுத்தேன், லொம்பேம்மா. எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாத. அவளுக்குப் பக்கத்துல கூட இவ்வளவு சேர்ந்தாப்புல நான் இருந்ததில்ல."

தண்ணீரைச் சோதிக்கும் கசோண்டே சிரித்துக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவளை மகள் லொம்பேயின் பெயரைச் சொல்லித்தான் அவன் கூப்பிடுவான். மலாமா இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் பிடித்து வருகிறவன். வேன் ஓட்டுவதும் அவன்தான். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். இருவருக்கும் மூன்று மாத ஒப்பந்தம்தான். அவளுக்குப் பதினோராவது முறையாகப் புதுப்பித்திருக்கிறார்கள்; அவன் எண்ணுவதையே விட்டுவிட்டான்.

சித்துலிகாவுக்குப் பின்னால் பழைய ஈயச் சுரங்கத்தின் கழிவு கறுப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. அந்த மலையைக் கிளறி மிச்சம் மீதி உலோகத்தை எடுக்க ஒரு கம்பெனி வந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றுவலி என்று சனங்கள் சத்தம் போட்டதால், தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை கம்பெனி வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் லாரி அனுப்பியது. சோதிக்கும் வேலை இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தது.

ஈயம் தண்ணீரில் சும்மா கிடக்காது. பிடித்த தண்ணீரில் சில சொட்டு ஆசிட் விடாவிட்டால் அது மெல்ல மெல்ல நகர்ந்து பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரமோ தண்ணீரை மட்டும்தான் உறிஞ்சிப் பார்க்கும், சுவரை அதற்குத் தெரியாது. அதனால் கிணற்றடியிலேயே ஆசிட் விட வேண்டும். வந்து இறங்கியதும் ஒவ்வொரு பாட்டிலிலும் சோதனைத்தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். தாள் நன்றாகச் சிவந்தால் படிவத்தில் பி.எச். அளவு இரண்டு என்று எழுதலாம். சிவக்காவிட்டால் இங்கேயே ஆசிட் விட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்து, சுவரில் ஒட்டியதெல்லாம் தண்ணீருக்குத் திரும்பிய பிறகுதான் இயந்திரத்தின் பக்கம் கொண்டுபோகலாம். இதெல்லாம் கசோண்டே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு சோதனைத்தாள் டப்பாவைத் திறந்தாள். அப்போது போன் அடித்தது. அக்கா லவ்னஸின் எண். அக்கா இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். அப்படியானால் லொம்பேதான்.

"அம்மா, பல்லு விழுந்துடுச்சு."

"எந்தப் பல்லு?"

"முன் பல்லு. கூரை மேல போட்டுட்டேன். அப்புறம் அம்மா, பள்ளிக்கூடத்துல என்னைப் பாட்டுச் சொல்லச் சொன்னாங்க. பல்லு இல்லாம சொன்னேனா, எல்லாரும் சிரிச்சாங்க."

கசோண்டே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். லொம்பேக்கு ஏழு வயது. அதில் நான்கு வருடம் சித்துலிகாவில் பெரியம்மா வீட்டில். தகப்பன் காங்கோவுக்கு லாரி ஓட்டப் போனவன், எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். லுசாக்காவில் கசோண்டே இரண்டு நர்ஸுகளோடு ஒரே அறையில் இருக்கிறாள். பிள்ளை குட்டி கூடாது என்று வீட்டுக்காரி வாசலிலேயே சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். வேலை நிரந்தரமானால் ஆய்வுக்கூடத்தின் பின்னால் இரண்டு அறை வீடு தருவார்கள். ஐந்தாம் எண் வீடு ஆறு மாதமாகக் காலியாகத்தான் இருக்கிறது. மதியம் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவும் சாக்கில் அவள் அந்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். உள் அறையில், கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கட்டில் போட இடம் இருக்கிறது.

பாட்டைச் சொல்லு என்றாள். லொம்பே முதலிலிருந்து சொன்னாள். பல் போன இடத்தில் காற்று சீறியது. நடுவில் இரண்டு வரி மறந்து மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு நாள் வயிறு வலித்துப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதையும், பெரியம்மா வீட்டுக் கோழி ஒன்பது குஞ்சு பொரித்ததையும் ஒரே மூச்சில் சொன்னாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பாள். கேட்பதை நிறுத்தி எவ்வளவு நாளாகிறது என்று கசோண்டேக்கு நினைவில்லை. அந்தக் குரலை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். கை சும்மா இருக்காமல் படிவத்தின் கட்டங்களில் எழுதிக்கொண்டு போனது. ஆசிட் விட்டதா என்ற இடத்தில் மலாமா போட்டிருந்த டிக் வரிசையாக இருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு. பேசி முடித்ததும் தாளை நனைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அக்காவின் போனில் காசு தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்தது. குளிரறையைப் பூட்ட வந்தவன் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றான். அறுபத்து நான்கு பாட்டில்களும் உள்ளே போயின. சோதனைத்தாள் டப்பா திறந்தபடியே மேஜையில் இருந்தது.

மறுநாள் மலேரியா மாத்திரைகள் வந்துவிட்டன. மருந்துக்கடைகளிலிருந்து அரசாங்கம் எடுத்து அனுப்பியவை. மாத்திரையில் சொன்ன அளவுக்கு மருந்து இருக்கிறதா, வெறும் சுண்ணாம்புதானா என்று பார்க்க வேண்டும். அது அவசரம் என்றார்கள்; அந்த ஓட்டத்தில் தாளை நனைக்க மறந்தே போனாள். புதன்கிழமை தண்ணீரை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். கரிக்குழாய்க்குள் ஒரு துளி விழுந்து, கொதித்து, வெள்ளையாகக் கனன்று அணையும். திரையில் ஒரு எண் வரும். மூன்று. நான்கு. இரண்டு. நான்கு. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை குடிக்கலாம் என்பது கணக்கு. கசோண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். பதினேழாம் கிணறு அக்கா வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருப்பது. அதற்கும் நான்குதான். சோதித்தவர் என்ற இடத்தில் கசோண்டே முசுக்வா என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பேசியபோது, தண்ணீர் லாரி நின்றுவிட்டது என்று அக்கா சொன்னாள். கிணறெல்லாம் நல்ல கிணறு என்று கம்பெனி ஆட்கள் ஊரைக் கூட்டிச் சொன்னார்களாம்.

பாட்டில்களை யாரும் தூக்கி எறிவதில்லை. ஆசிட்டில் மூன்று முறை அலசி, மூன்றாவது அலசலை இயந்திரத்தில் விட்டுப் பார்த்து, சுத்தம் என்று வந்தால் மறுபடி அடுக்கி வைப்பார்கள். அது ஒப்பந்தக்காரர்களின் வேலை. மாதக் கடைசி வியாழக்கிழமை காலையில் கசோண்டே சித்துலிகா பாட்டில்களை அலச உட்கார்ந்தாள். மூன்றாவது அலசலிலும் ஈயம் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வரக்கூடாதது. பாட்டில் மட்டமானது என்று நினைத்து, பாட்டில் செய்த கம்பெனியைத் திட்டினாள். அதே கட்டோடு வந்த வேறு பாட்டில்களை எடுத்து அலசிப் பார்த்தாள். அவை சுத்தமாக இருந்தன. சித்துலிகா பாட்டில்கள் மட்டும்தான் இப்படி.

முதல் அலசலின் ஆசிட் இன்னும் வாளியில் ஊற்றப்படாமல் தனித்தனிக் குவளைகளில் இருந்தது. பதினேழாம் கிணற்றுக் குவளையை எடுத்து வைத்தாள். துளி விழுந்தது, கொதித்தது, கனன்றது. பாட்டில் நிறைய இருந்த தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் எழுபத்தொன்று. கருவியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். எழுபது. ஒன்பதாம் கிணற்றுக்கு அறுபத்தாறு. குளிரறையில் அலசாமல் விட்டுப்போன ஒரு சித்துலிகா பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை பழைய தண்ணீர் மிச்சம் இருந்தது. சோதனைத்தாளை நனைத்தாள். தாள் மஞ்சளாகவே இருந்தது. ஆசிட் ஒரு சொட்டுக்கூட விழாத தண்ணீர் அது.

மலாமா வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆசிட் விட்டாயா என்று கேட்டாள்.

"ஆசிட் எங்க இருக்கு? ஏப்ரல் மாசம் கேன் ஒழுகி வேன் சீட்டு வெந்து போச்சுல்ல, அன்னைக்கோட நிறுத்திட்டாங்க. லேபுலயே ஊத்திக்குவாங்க, நீ போன்னு சொன்னாங்க."

"பின்ன எதுக்கு டிக் போட்டே?"

"டிக் போடலைன்னா படிவத்தை வாங்க மாட்டேங்குறான் ஆபீசுல. முழுசா நிரப்பிட்டு வான்னு சொல்றான். நான் என்ன செய்ய?" அவன் வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்கதான் தாளை நனைச்சுப் பார்ப்பீங்களே."

அவள் எழுந்துகொண்டாள். போனில் லொம்பே பாட்டுச் சொன்ன நேரம் அவளுக்கு நினைவு வந்தது. ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ. அந்த ஆறு நிமிடத்துக்காக அவள் மூன்று வாரமாக மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதை நினைக்கவே கூசியது.

டாக்டர் ஹமூங்கா ஆய்வுக்கூடத்தின் மேலாளர். நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவள் எழுதிக் காட்டிய எண்களை இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்கள், சோதித்தோம் என்றார். பாட்டில் கழுவிய ஆசிட்டுக்கு அறிக்கை கொடுக்கும் முறை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். அது உண்மைதான், அவளுக்கும் தெரியும். அப்படியானால் மறுபடி தண்ணீர் பிடித்துவந்து பார்ப்போம் என்று அவள் சொன்னாள். கம்பெனி கேட்டால் பார்க்கலாம், அடுத்த சோதனைக்கு மார்ச்சில் கேட்பார்கள் என்றார். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அடுத்த வாரம் அங்கீகாரம் கொடுக்கிறவர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள், ஒரு அறிக்கையைத் திரும்பப் பெற்றால் எல்லா அறிக்கையையும் தோண்டுவார்கள், நாற்பது பேர் இந்தக் கூரையின் கீழ் பிழைக்கிறார்கள் என்றார். பிறகு அந்தப் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கட்டத்துல ரெண்டு ரெண்டுன்னு எழுதியிருக்கறது யார் கையெழுத்து?"

"என்னோடது, டாக்டர்."

"அறுபத்து நாலும் நனைச்சுப் பார்த்தியா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒரு மாதமாகவே கையில் இருக்கிறது, ஆய்வு முடிந்ததும் கொடுக்கலாம் என்றிருந்தேன் என்று சொன்னார். நிரந்தர வேலைக்கான உத்தரவு. கீழே ஐந்தாம் எண் வீடு என்று போட்டிருந்தது.

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டா. பொண்ணைக் கூட்டிட்டு வந்துடு, கசோண்டே. முதல்ல உன் பொண்ணை அங்கேருந்து கூட்டிட்டு வா."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை முதல் மினிபஸ்ஸில் ஏறினாள். இருக்கைக்கு நான்கு பேர், மடியில் ஒரு கோழி, கண்டக்டர் யாரையோ புது மாப்பிள்ளை போல விறைத்துக்கொண்டு உட்காராதே என்று விரட்டிக்கொண்டிருந்தான். அவள் மனசுக்குள் ஒன்றைத் தீர்மானம் பண்ணியிருந்தாள். பிள்ளையைக் கூட்டிக்கொள்வது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவது. நிரந்தரமான பிறகு, அங்கீகார ஆய்வு முடிந்த பிறகு, நிதானமாக டாக்டரிடம் மறுபடி பேசுவது. நிரந்தரமானவர்கள் பேசினால் கேட்பார்கள். வழி நெடுக இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். நடுவே, எந்தப் பக்கம் தலைவைத்து லொம்பே படுப்பாள் என்றும் யோசித்தாள். ஒரே வீட்டில் மகள் மூச்சு விடும் சத்தம் கேட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சத்தத்துக்காக அவள் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தாள்.

அக்கா வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தாள். வேலையும் வீடும் கிடைத்த விஷயத்தைக் கேட்டதும் லவ்னஸ் இரண்டு கையையும் தட்டி முற்றத்தைச் சுற்றி ஆடினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். லொம்பே உள்ளே ஓடிப்போய்த் தன் துணிகளை சிட்டெங்கே என்ற இடுப்புச் சுற்றுத் துணியில் கட்டி, மூட்டையை வாசற்படியில் வைத்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையைச் செய்தாள். ஒரு குவளைத் தண்ணீரைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, தாயின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிம்மா. நீ பார்த்த தண்ணி."

"நான் பார்த்ததுன்னு உனக்கு யாரு சொன்னது?"

லவ்னஸ்தான் பதில் சொன்னாள். "ஊருக்கே தெரியும்டி. கிணத்துக்குக் கிணறு பேப்பர் ஒட்டியிருக்கான், கீழ உம்பேரு. முதல்ல ஒருத்தரும் நம்பல. கம்பெனிக்காரன் காசு குடுத்து எழுதி வாங்கின பேப்பருன்னாங்க. நான்தான் ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னேன். எந் தங்கச்சி கையெழுத்து, அவ பெத்த பிள்ளையே இங்கதான் குடிக்குது, பொய் எழுதுவாளான்னு கேட்டேன். அப்புறந்தான் எல்லாரும் எடுக்க ஆரம்பிச்சாங்க."

கசோண்டே குவளையை வாங்கினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது, சில்லென்றும் இருந்தது. லொம்பே மண்டியிட்டபடியே, பல் இல்லாத வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, தாய் குடிப்பதற்காகக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குவளையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பதினேழாம் கிணற்றின் கம்பத்தில் அந்த அறிக்கையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடும் வாளியோடும் வரிசையில் நின்றார்கள். கசோண்டே உறையை விரலால் கிழித்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரின் மேல் குறுக்கே அடித்தாள். மேலே எண்கள் இருந்த இடத்தில், தண்ணீரில் ஈயம் இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று பெரிதாக எழுதி, அதன் கீழே மறுபடி கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. எழுதியதை வாய்விட்டும் சொன்னாள். தான் பார்த்ததில் தப்பு நடந்துவிட்டது என்பதையும், தப்பு யாருடையது என்பதையும் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி வரிசையின் தலையில் நின்றாள். அவள் கேட்டாள்.

"காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடுமா, அக்கா?"

"போகாது. காய்ச்சினா தண்ணிதான் குறையும், ஈயம் அப்படியே நிக்கும்."

"அப்ப லாரி திரும்ப வருமா?"

"பேப்பர் மாறினாத்தான் வரும். திங்கக்கிழமை போய்க் கேக்கறேன்."

"மாத்துவாங்களா?"

கசோண்டே பேனாவை மூடிப் பையில் போட்டாள். லவ்னஸ் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீடு போனது புரிந்தது. தங்கையின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய், மற்றவர் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினாள்.

"லொம்பேய எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடு. வீட்டுக்காரி கால்ல விழு, யார் கால்லயாச்சும் விழு. எம் பிள்ளைங்க மூணு இருக்கே... அதுங்கள எங்கடி கொண்டுபோவேன்?"

லொம்பே துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்று, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையின் தலையில் நின்றவள் அக்காளும் தங்கையும் பேசி முடிக்கும்வரை மரியாதைக்குக் காத்திருந்தாள். வெயில் ஏறியது. முதுகில் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அவள் கம்பத்தில் இருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்து வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். பின்னால் நின்றவள் தன் குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தாள்.